மண்டையக அழுத்தம்

தலையில் பலத்த அடிபட்டு ஐசியூவில் இருப்பவரின் வீட்டாரிடம் "பிரஷர் ஏறியிருக்கு" என்றால், "அவருக்கு பிரஷரே கிடையாதே, மாத்திரைகூடப் போட்டதில்லையே" என்று திகைப்பார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. நம் பேச்சில் பிரஷர் என்றால் இரத்த அழுத்தம்தான். மருத்துவர் சொன்னதோ இன்ட்ராகிரேனியல் பிரஷர், சுருக்கமாக ஐசிபி.

'இன்ட்ரா' லத்தீன், உள்ளே என்று பொருள். 'கிரேனியம்' கிரேக்கத்தில் மண்டையோட்டைக் குறித்த 'கிரானியோன்' லத்தீன் வழியாக வந்த வடிவம். தமிழில் மண்டை + அகம் = மண்டையகம். 'மூளை அழுத்தம்' என்றும் எழுதுகிறார்கள், அது போதாது. விரியாத எலும்புக்குள் மூளை, குருதி, மூளைத்தண்டுவட நீர் மூன்றும் அடங்கியிருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றவை இடம்விட வேண்டும். விட இடமில்லாதபோது அழுத்தம் ஏறும். எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோ 1783-இல் எழுதியதிலிருந்து வளர்ந்த கருத்து இது. ஆக, அழுத்தம் மண்டையோடு என்னும் கலத்துக்குரியது. புறநானூற்றில் பாணர்க்குத் தேறல் வார்க்கும் கலத்துக்கே 'மண்டை' என்று பெயர். இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை.

படுத்திருக்கும் பெரியவர்களுக்கு இயல்பளவு ஏறத்தாழ 7 முதல் 15 மி.மீ. பாதரசம். 22-ஐத் தாண்டி நின்றால் சிகிச்சை வேண்டும். சராசரி இரத்த அழுத்தத்திலிருந்து இதைக் கழித்தால் வருவதே மூளைக்குக் குருதியை உந்தும் அழுத்தம். அது 60-70 இருக்க வேண்டும். சராசரி இரத்த அழுத்தம் 80, மண்டையகம் 30 என்றால் மிஞ்சுவது 50. மூளை பட்டினி கிடக்கும்.

மூளைக்குள் நீர் நிறைந்த அறையில் செலுத்திய குழாய் வழியே அளக்கும்போது, அழுத்தத்தை உணர்ந்து திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்டியூசர் காதுத்துளை மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. தாழ்ந்தால் திரையில் சுமார் 7 கூடுதலாகக் காட்டும். உயர்ந்தால் அதே அளவு குறைத்துக் காட்டி ஆபத்தை மறைக்கும். கட்டிலின் தலைமாட்டை 30 பாகைக்கு உயர்த்தியவர் டிரான்ஸ்டியூசரை மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அதே குழாய் வழியே நீரை வடியவிட்டபடியே அளவும் எடுக்கக்கூடாது. வடிகுழாயை மூடி, திரையில் அலை தெளிந்தபின் குறிக்க வேண்டும்.

எண் திடீரென ஏறினால் முதலில் கழுத்தைப் பாருங்கள். தலை ஒருபக்கம் திரும்பியிருந்தாலோ, மூச்சுக்குழாயைக் கட்டிய நாடா இறுகியிருந்தாலோ கழுத்துச் சிரை நெரிபட்டுக் குருதி இறங்காது. தலையை நேராக்கி நாடாவைத் தளர்த்தினாலே பல நேரம் எண் இறங்கிவிடும்.