‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பிடிக்கும் என்றுதான் பொருள்

தின்னர் டின்னிலும் கேஸ் லாரியின் முதுகிலும் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். இன்கரெக்ட், இன்விசிபிள் போல முன்னால் ‘இன்’ வந்தால் ‘இல்லை’ என்று பொருள் கொள்வது நம் பழக்கம். அந்தக் கணக்கில் இதைத் ‘தீப்பிடிக்காதது’ என்று படித்துவிட்டுப் பக்கத்தில் வெல்டிங் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தச் சொல் ‘தீ மூட்டு’ என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இங்கே ‘இன்’ எதிர்மறை அல்ல. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாததற்கு ‘நான்-ஃப்ளேமபிள்’ என்றுதான் எழுத வேண்டும்.

எழுத்திலும் தவறு நிறைய. ‘ஃப்ளேம்’ என்பதில் ஒரே ‘எம்’ இருப்பதால் இதற்கும் ஒன்றே போடுகிறார்கள். இரண்டு ‘எம்’ வேண்டும். மருத்துவ அறிக்கையில் அழற்சியைக் குறிக்கும் ‘இன்ஃப்ளமேஷன்’ இதே வேரில் பிறந்தது; அதிலும் இரண்டு ‘எம்’தான்.

‘இன்’ தரும் இந்தக் குழப்பத்துக்காகவே அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பினர் 1920-களிலேயே ‘ஃப்ளேமபிள்’ பக்கம் திரும்பினார்கள். உங்கள் கிடங்கில் புதிதாகப் பலகை எழுதும்போது அதையே எழுதுங்கள். கூடவே தீச்சுடர் படமும் ‘எளிதில் தீப்பற்றும்’ என்ற தமிழ் வரியும் கட்டாயம் இருக்கட்டும். டிரம் உருட்டுபவருக்குப் புரியாத பலகை எதற்கு?

எவ்வளவு எளிதில் பற்றும் என்பதை ஃப்ளாஷ் பாயின்ட் சொல்லும். சுடரைக் காட்டினால் ஆவி பற்றிக்கொள்ளும் அளவுக்குத் திரவம் ஆவியாகும் மிகக் குறைந்த வெப்பநிலை அது. நம் பெட்ரோலியச் சட்டப்படி 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏ வகுப்பு. 23 முதல் 65-க்குள் பி வகுப்பு. பெட்ரோல் ஏ, மண்ணெண்ணெய் பி. பெட்ரோலின் ஃப்ளாஷ் பாயின்ட் பூஜ்யத்துக்கும் 40 டிகிரி அளவு கீழே, அதாவது எந்த ஊர் வெயிலிலும் குளிரிலும் அதன் ஆவி தயாராகவே நிற்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தூரத்து நெருப்பைத் தொடும். காலி டிரம்மில் மிஞ்சியிருக்கும் ஆவியே அதை வெடிக்க வைக்கப் போதும். கழுவி, ஆவி இல்லை என்று மீட்டரில் பார்க்காமல் அதன்மேல் வெல்டிங் செய்யவே கூடாது.

‘நான்-ஃப்ளேமபிள்’ சிலிண்டர் என்றும் அலட்சியம் வேண்டாம். சூடேறினால் அழுத்தத்தில் அதுவும் வெடிக்கும். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதை மூர்க்கமாக்கும். அதன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ பட்ட கையை வைக்காதீர்கள்.