29278-க்குள் ஒரு 421

ஆரக்கிள் தரவுத்தளத்திலிருந்து மின்னஞ்சல் போகாதபோது அடிக்கடி எட்டிப்பார்க்கும் எண் ஓஆர்ஏ-29278. பலரும் இந்த ஐந்திலக்க எண்ணைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். ஆனால் காரணத்துக்கு நெருக்கமாக இருப்பது அதே செய்தியில் பின்னால் வரும் மூன்றிலக்க எண்தான்.

மெயில் சர்வரோடு தரவுத்தளம், மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி என்ற முறையில் வரிவரியாகப் பேசுகிறது: நான் இன்னார், அனுப்புபவர் இவர், பெறுபவர் இவர், இதோ கடிதம். ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஓர் எண்ணால் பதில் சொல்லும். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற இணைய விதி ஆவணத்தில் இருந்த இந்த முறை இன்றும் புழங்குகிறது. 2-இல் தொடங்கினால் சரி, 3 என்றால் மேலே சொல். 4 என்றால் இப்போது முடியாது, அப்புறம் வா. 5 என்றால் இதையே திரும்பக் கொண்டுவந்தாலும் முடியாது.

4-இல் தொடங்கும் பதில்களை ஆரக்கிள் 29278 என்றும், 5-இல் தொடங்குபவற்றை 29279 என்றும் பொதிந்து தருகிறது. 29279-க்குள் 535 இருந்தால் பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ சர்வர் ஏற்கவில்லை. 550 என்றால் பெரும்பாலும் அப்படியொரு முகவரி இல்லை, அல்லது அங்கே கொண்டுபோகச் சர்வர் மறுக்கிறது.

அதிகம் ஏமாற்றுவது 421. 'சேவை இப்போது இல்லை' என்று சர்வரே சொன்னதுபோல் தோன்றும். ஆனால் சர்வரோடு இணைப்பே கிடைக்காதபோதும் ஆரக்கிளில் அஞ்சல் அனுப்பும் நிரலான யுடிஎல்_எஸ்எம்டிபி தானாக இந்த எண்ணைத்தான் எழுப்பும். அதனால் முதலில் மெயில் சர்வரின் பதிவேட்டைப் பாருங்கள். அங்கே நீங்கள் வந்த தடமே இல்லையென்றால் சர்வர் பெயர், போர்ட் எண், ஃபயர்வால் மூன்றையும் சோதிக்க வேண்டும். 4-தானே என்று காத்திருந்தால் எதுவும் நடக்காது.

ஓஆர்ஏ-24247 வந்தால் பேச்சு தரவுத்தளத்தின் வாசலையே தாண்டவில்லை. 11ஜி பதிப்பிலிருந்து எந்தப் பயனர் எந்தச் சர்வரோடு பேசலாம் என்பதற்குத் தனி அனுமதி வேண்டும். அதைத் தரவுத்தள நிர்வாகி கொடுத்தால் போதும்.

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் சிக்கல் வேறு மாதிரி. அஞ்சல் வரிசையில் சேர்ந்தது என்று அது உடனே சொல்லிவிடும். அனுப்பும் வேலையைப் பின்னால் தனி நிரல் ஒன்று செய்கிறது. அது தோற்றால், உங்கள் நிரலுக்கு எந்தப் பிழையும் வராது. எம்எஸ்டிபி தரவுத்தளத்தில் சிஸ்மெயில்_ஈவென்ட்_லாக் என்ற இடத்தில்தான் அந்தத் தோல்வி பதிவாகும்.

கடைசியாக வரும் 250-கூட அடுத்த சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டது என்பதை மட்டுமே சொல்கிறது. அதற்கப்புறம் சேராமல் போனால், அந்தத் தகவல் அனுப்புநர் முகவரிக்குத்தான் திரும்பி வரும். ஆகவே யாராவது தினமும் திறந்து பார்க்கிற முகவரியை அங்கே கொடுங்கள்.