செப்டிக் டேங்க் கசடு எப்போது எருவாகும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டு செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. அது எங்கே கொட்டுகிறது என்று நாம் கேட்பதே இல்லை. "நல்ல எருதானே" என்று சொந்தக் காட்டிலேயே கொட்டச் சொல்கிறவர்களும் உண்டு.

எரு என்பது உண்மைதான். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் இருக்கின்றன, நம் மானாவாரிச் செம்மண்ணுக்குக் குறைவாக உள்ள மக்குப் பொருளும் இருக்கிறது. ஆனால் பச்சையாகக் கொட்டினால் குடற்புழு முட்டைகளும் கூடவே மண்ணில் இறங்கும். உருண்டைப்புழு முட்டையின் ஓடு அவ்வளவு தடிமன், மண்ணில் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

அதனால் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. லாரியில் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஜல்லி பரப்பி, மேலே மணல் போட்ட படுகையில் ஊற்றினால் தண்ணீர் கீழே இறங்கிவிடும் (அதையும் சுத்திகரித்துத்தான் வெளியே விட வேண்டும்), மேலே நிற்கும் கசடு வற்றிய ஏரி வண்டல் மாதிரி பாளம் பாளமாக வெடிக்கும். காய்ந்ததும் எருவாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. முட்டைகளைக் கொல்வது சூடு.

அந்தச் சூட்டுக்கு அடுப்பு வேண்டாம், நுண்ணுயிர்களே உண்டாக்கும். அவற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் தேவை, கசடில் அது பத்துப் பங்குகூடத் தேறாது. மாவிலைச் சருகு, கரும்புச் சோகை, சந்தைக் குப்பை எல்லாம் காய்ந்த கசடோடு கலந்து குவிப்பது அதற்காகத்தான். தேங்காய் நார்க் கழிவும் சேர்க்கலாம், ஆனால் லிக்னின் என்ற கடினமான நார்ப்பொருள் அதிகம் என்பதால் அது மட்டும் என்றால் சீக்கிரம் மக்காது. திறந்தவெளிக் குவியலில் 55 டிகிரிக்குக் குறையாத சூடு 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. புரட்டாவிட்டால் வெளிப்பக்கம் ஆறியே கிடக்கும், அங்குள்ள முட்டை பிழைத்துக்கொள்ளும். மொத்த வேலைக்கும் உயிர்நாடி இந்தப் புரட்டல்தான் என்பேன்.

ஒசூரைத் தாண்டி, பெங்களூரு பக்கத்துத் தேவனஹள்ளியில் 2015-லேயே இந்தக் கசடுக்கென்று தனி நிலையம் தொடங்கினார்கள், அப்புறம் ஊர்க் குப்பையோடு சேர்த்து மக்க வைக்கவும் செய்தார்கள்.

சூட்டுக்கு மசியாதவையும் உண்டு: ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்கள். தொழிற்சாலைக் கழிவுநீர் வீட்டுச் சாக்கடையில் கலந்தால் இவை கசடில் தங்கிவிடும், குவியல் மக்கிச் சுருங்கச் சுருங்க அடர்த்தி இன்னும் ஏறும். நகரக் குப்பை உரத்துக்கு நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50. உரம் இறக்குவதற்கு முன்னால் இந்த உலோக அளவுகளைக் காட்டும் பரிசோதனைச் சீட்டையும், குவியலின் சூட்டைத் தினமும் குறித்த நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மாங்கன்றுக் குழிக்கும் கேழ்வரகுக்கு அடியுரமாகவும் தாராளமாகப் போடலாம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, வெள்ளரிக்கு மட்டும் நான் போட மாட்டேன்.