கேஸை எவ்ளோ ஏத்தினாலும் தண்ணி 100 டிகிரிதான்

கத்திரி வெயில்ல வேலூர்ல 40 டிகிரி தாண்டுறது சகஜம், அந்த வெயில்லயும் நன்னாரி சர்பத்துல ஐஸ் கரைஞ்சு முடியிற வரைக்கும் சர்பத் ஜில்லுனுதான் இருக்கும். வெளிய இருந்து சூடு உள்ள போயிட்டேதான் இருக்கு, ஆனா அது ஐஸ்ல மூலக்கூறுங்க ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கிற பிடியை விடுவிக்கவே செலவாகிடுது, அதனால ஐஸ் கரையும், 0 டிகிரிய விட்டு ஏறாது. ஒரு கிராம் ஐஸ் கரைய சுமார் 80 கலோரி வேணும், அதே 80 கலோரிய 0 டிகிரி தண்ணிக்கு கொடுத்தா 80 டிகிரிக்கு போயிடும்னா பாத்துக்கோங்க. 1760கள்ல ஸ்காட்லாந்துல இருக்கிற கிளாஸ்கோல ஜோசப் பிளாக்ங்கிற விஞ்ஞானி இதை அளந்து காட்டினாரு, ஸ்கூல் புக்ல உள்ளுறை வெப்பம்னு படிச்சிருப்போம்.

ஆவியாகுறதுக்கு இன்னும் ஜாஸ்தி, கிராமுக்கு சுமார் 540 கலோரி. உலை கொதிச்சதுக்கப்புறம் ஃபுல்லா எரியவிட்டா அரிசி சீக்கிரம் வேகாது, தண்ணிதான் சீக்கிரம் வத்தும், கேஸ் தண்டம். ஏலகிரி மேல காத்தழுத்தம் கம்மி, அங்க 96 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், பருப்பு வேக லேட்டாகும், குக்கர்ல அழுத்தம் ஏறுறதால 120 கிட்ட போகும்.

ஆம்பூர் பிரியாணிக்கு தம் போடுறது இதுக்கு நேர் உல்டா. ஆவி வெளிய போக வழியில்லாம சூடு கம்மியா இருக்கிற அரிசி மேல பட்டு திரும்ப தண்ணியாகுது, ஆகும்போது வாங்கின 540ஐயும் அங்கயே இறக்கி வெச்சிடுது, அரை வேக்காட்டு அரிசி வெந்துடுது. கொதிதண்ணிய விட ஆவி பட்டா மோசமா சுடுறதும் இதாலதான்.

தண்ணி ஆவியாக 100 டிகிரி வரணும்னும் இல்ல. மண்பானைல கசியிற தண்ணில வேகமா ஓடுற மூலக்கூறுங்க முதல்ல கிளம்பிடும், போகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போயிடும், மிச்சம் குளுந்துடும். சென்னைல கடல் காத்துல ஏற்கனவே ஈரம் இருக்கு, ஆவி லேசுல போகாது, நம்ம வேலூர் வறண்ட காத்துல சும்மா பறக்கும், அதனால வெயில் எவ்ளோ கொளுத்தினாலும் பானைத்தண்ணி விஷயத்துல நாமதான் கெத்து. ஏர்கூலரும் இதே கதைதான், அதான் மழைக்காலத்துல எடுபடாது. பானை வாங்கும்போது பளபளன்னு பெயிண்ட் அடிச்சது வேணாம், கசியாத பானை குளுத்தாது.