கற்றலை எதை வைத்து அளப்பீர்கள்?

போன வாரமும் ஒருவர் வந்தார், கையில் ஒரு தாளோடு. தலைப்பு மட்டுமே மூன்று வரி: ‘விலங்குகளின் கற்றல் முறைகளும் மாணவர்களின் கற்றல் முறைகளும் – ஓர் ஒப்பீட்டு ஆய்வு’.

“எதை அளக்கப் போகிறீர்கள்?”

“கற்றலை, மேடம்.”

“சரி, கற்றலை எதை வைத்து?”

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

ஆய்வு நெறியாளராக இருக்கும் இத்தனை வருடங்களில் இந்தத் தலைப்பு ஆள் மாறி ஆள் மாறி வந்துகொண்டே இருக்கிறது. நானும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். தலைப்பு பெரிதாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வெட்டிக் குறைத்துவிடலாம். அதற்குள் உட்கார்ந்திருக்கும் நம்பிக்கையைத்தான் பொறுக்க முடியவில்லை: விலங்கு பழக்கத்தால் கற்கும், மனிதன் புரிந்துகொண்டு கற்பான். நாய்க்குப் பாவ்லவ் (மணியோசைக்கே எச்சில் ஊறும் பழக்கம்), பூனைக்குத் தார்ண்டைக் (தப்பித் தவறி முயன்று கற்பது), மாணவருக்கு மட்டும் ‘புரிதல்’ என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

உளவியலாளர்கள் டோல்மனும் ஹான்சிக்கும் 1930-இல் வெளியிட்ட எலிச் சோதனையைக் கொஞ்சம் பாருங்கள். புதிர்ப்பாதையில் ஓட மூன்று குழுக்கள். ஒன்றுக்குத் தினமும் கடைசியில் உணவு உண்டு. இன்னொன்றுக்குக் கிடையவே கிடையாது. மூன்றாவது குழு பத்து நாள் உணவில்லாமல் சும்மா சுற்றியது. 11-ஆம் நாள்தான் உணவு வைத்தார்கள். மறுநாளே அந்த எலிகளின் தவறுகள் சடாரென்று குறைந்து, தினமும் பரிசு வாங்கிய குழுவுக்குச் சமமாக வந்துவிட்டன. அப்படியென்றால், அந்தப் பத்து நாளும் அவை பாதையைக் கற்றுக்கொண்டுதான் இருந்தன. காட்டிக்கொள்ளக் காரணம் இல்லை, அவ்வளவுதான். வகுப்பில் வாயே திறக்காத மாணவரை ‘கற்கவில்லை’ என்று எழுதிவிடுகிறவர்கள் இந்த எலிகளை இன்னொரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

மனிதர் பக்கமும் அப்படித்தான், எல்லாவற்றையும் நாம் புரிந்துகொண்டு கற்பதில்லை. எதையோ சாப்பிட்டு வாந்தி எடுத்தவருக்கு, காரணம் அந்த உணவு இல்லை, காய்ச்சல்தான் என்று நன்றாகவே தெரியும். ஆனாலும் வருடக்கணக்கில் அந்த வாசனையே ஆகாது. இங்கே புரிதல் எங்கே போயிற்று? கார்சியாவும் கோலிங்கும் 1966-இல் எலிகளிடம் காட்டியதும் இதே மாதிரிக் கற்றல்தான்: உடல்நலக் குறைவோடு சேர்ந்து வந்த சுவையை எலிகள் பிறகு ஒதுக்கின. எலியிடமும் பல வகைக் கற்றல் உண்டு, நம்மிடமும் உண்டு. அதனால் ‘விலங்கா, மனிதனா’ என்று கேட்டால் ஆய்வு நகராது. எந்த வகைக் கற்றல், எந்தச் சூழலில், எந்த அளவுகோலில் என்று கேட்டால்தான் நகரும்.

அளவுகோலோடு, எப்போது அளப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஐந்து நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் முடிவே தலைகீழாகியிருக்கும். இதிலிருந்து மட்டும் நல்ல தலைப்புகள் நான்கைந்து எடுக்கலாம், தயவுசெய்து எடுங்கள்.

அப்புறம், எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை இல்லை. தொல்லையை நீக்கி ஒரு நடத்தையை அதிகமாக்குவது அது. இதைப் பிழையாக எழுதிக்கொண்டு வருபவரின் தாளை இனி அடுத்த பக்கம் புரட்டமாட்டேன்.

விலங்கு என்றால், நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் முதல் கூண்டு. ‘அனுமதி வந்துவிடும் மேடம்’ என்பது அனுமதி ஆகாது. சிறுவர்கள் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், சிறுவரின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் மாதங்கள் பிடிக்கலாம். சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. ரோசென்தாலும் ஃபோடும் 1963-இல் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, சிலவற்றைக் கெட்டிக்கார எலி என்றும் சிலவற்றை மந்த எலி என்றும் சொன்னார்கள். உண்மையில் எலிகளிடையே அப்படி ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் ‘கெட்டிக்கார’ எலிகள் மாணவர்களின் கையில் நன்றாகவே கற்றன. எலியை ஆராய்வதாக நினைத்துக்கொண்டிருந்த மாணவர்கள்தான் அங்கே ஆய்வுக்கு உட்பட்டிருந்தார்கள்! ஆகவே விடைத்தாளில் பெயரும் குழுவும் வேண்டாம், எண் மட்டும் போடுங்கள். எந்த எண் எந்தக் குழு என்ற பட்டியல், திருத்தி முடியும்வரை வேறொருவரிடம் இருக்கட்டும்.