கலாச்சாரம், கலாசாரம், பண்பாடு

‘கலாச்சாரம்’ வடமொழி, ‘பண்பாடு’ தமிழ். முன்னதை அடித்துவிட்டுப் பின்னதை எழுது. மெய்ப்புத் திருத்துவோர் பலர் கைக்கொள்ளும் விதி இது. ‘தமிழர் கலாச்சாரம்’, ‘கலாச்சார விழா’ போன்ற இடங்களில் விதி சிக்கலில்லாமல் ஓடும். ‘துப்பாக்கிக் கலாச்சாரம்’, ‘பேனர் கலாச்சாரம்’, ‘கமிஷன் கலாச்சாரம்’ என்று வந்தால் தடுக்கி விழும். ‘கமிஷன் பண்பாடு’ என்று எழுதினால் வாசகர் அதைக் கிண்டலாகத்தான் எடுத்துக்கொள்வார். இரண்டும் ஒரே பொருள் என்றால் இந்த இடறல் வரக் கூடாது. வருகிறது என்றால், சொல் பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

பண்படு என்ற வினையிலிருந்து வந்தது பண்பாடு. வழிபடு வழிபாடு ஆகிறது, உடன்படு உடன்பாடு ஆகிறது, மேம்படு மேம்பாடு ஆகிறது, அதே தடம். முதனிலை நீண்டு பெயராவதால் இலக்கணத்தார் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். கெடு கேடானதும் சுடு சூடானதும் இப்படித்தான். ‘பண்பு + ஆடு’ என்று பிரிப்பது பிழை. ‘பண் பாடு’ என்று பிரித்துப் பாட்டோடு முடிச்சுப் போடுவது மேடைச் சாதுரியம்.

‘பாடு’ நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொதுவான ஈறு. குறைபாடு, முரண்பாடு, வெளிப்பாடு எல்லாவற்றிலும் அது உண்டு. ஆகவே பண்பாட்டில் இருக்கும் பாராட்டு ‘பண்’ என்ற முன்பகுதியிலிருந்து வருகிறது. செம்மை, தகுதி, ஆயத்தம் என்பன அதன் பொருள்கள். உழுது, கட்டி உடைத்து, களை எடுத்து, எரு இட்டு, மட்டம் செய்து, விதைக்கத் தயாராக நிற்கும் நிலத்தைத்தான் பண்பட்ட நிலம் என்கிறோம். தரிசு பண்படாதது. அதனால் பண்பாடு என்று சொன்னவுடனேயே ‘திருந்திய நிலை’ என்ற தீர்ப்பும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. துப்பாக்கியோடும் கமிஷனோடும் அது ஒட்டாததற்குக் காரணம் இதுதான்.

‘கல்ச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகப் பண்பாட்டை ஆக்கித் தந்தவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் என்று எஸ். வையாபுரிப்பிள்ளை பதிவுசெய்திருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் சொல்லும் சாட்சி என்பதால் இதற்கு எடை அதிகம். கவிதையை வாய்விட்டுச் சொல்லி ரசிக்க வைத்த டி.கே.சி., புலவர்கள் ஏற்பதைவிட ஊர்க்காரர் நாக்கில் ஓடுவதே நல்ல தமிழ் என்ற கட்சி. அவர் உழவரின் சொல்லிலிருந்து இதை எடுத்தது பொருத்தம்தான்.

இந்தத் தேர்வில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. கல்ச்சரின் வேர் லத்தீனில் ‘கொலெரே’. உழுதல், குடியிருத்தல், வழிபடுதல் மூன்றும் அதன் பொருள்கள். வேளாண்மையைக் குறிக்கும் ‘அக்ரிகல்ச்சர்’ என்ற சொல்லின் பின்பாதியும் இதுவே. கி.மு. 45 அளவில் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ ‘மனத்தை உழுதல்’ என்று உருவகமாக எழுதினார். அங்கிருந்துதான் சொல் வயலை விட்டு மனிதனுக்குள் நுழைந்தது. தமிழிலும் வயல் வழியாகவே வந்தது. வேர்ப்பொருளோடு வேர்ப்பொருள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கலைச்சொற்கள் நம்மிடம் குறைவு.

பண்பாடு சங்க காலச் சொல் என்று காட்டக் கலித்தொகை 133ஆம் பாட்டின் ‘பண்பெனப் படுவது பாடறிந் தொழுகல்’ என்ற அடியை மேற்கோள் தருவார்கள். அடியில் பண்பும் இருக்கிறது, பாடும் இருக்கிறது, பண்பாடு இல்லை. பிறர் இயல்பை அறிந்து அதற்கேற்ப நடப்பதே பண்பு என்று ஒருவரது குணத்தை அந்த அடி வரையறுக்கிறது. திருக்குறளின் நூறாம் அதிகாரமான பண்புடைமையும் தனி மனிதக் குணத்தைப் பற்றியதே. ஒரு மக்கள்கூட்டத்தின் மொத்த வாழ்முறை என்ற கருத்து அங்கே இல்லை. உறுப்புகள் பழையவை, சொல் புதியது என்பதே சரியான கூற்று. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

சிக்கல், ஆங்கிலச் சொல்லே இரட்டைப் பொருள் உடையது என்பதில் தொடங்குகிறது. 1869இல் ஆங்கில விமர்சகர் மாத்யூ அர்னால்டு, உலகில் சிந்தித்ததிலும் சொன்னதிலும் தலைசிறந்ததே கல்ச்சர் என்றார். அந்தப் பொருளில் சிலருக்கு அது உண்டு, சிலருக்கு இல்லை. 1871இல் மானிடவியலர் எட்வர்டு டைலர் வேறு வழியில் போனார்: அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என ஒரு சமூகத்தின் உறுப்பினராக மனிதன் பெறுவது அனைத்தும் சேர்ந்த முழுமை அது. இந்தப் பொருளில் கல்ச்சர் இல்லாத மனிதக் கூட்டமே கிடையாது. 1952இல் மானிடவியலர்கள் குரோபரும் குளுக்கோனும் நூற்றுக்கு மேற்பட்ட வரையறைகளைத் திரட்டி ஒரு புத்தகமே போட வேண்டியிருந்தது.

பண்பாடு அர்னால்டின் பொருளுக்கு உடனே பொருந்தும். டைலரின் பொருளுக்கு, மானிடவியலும் நாட்டார் வழக்காற்றியலும் பல ஆண்டுகள் புழங்கிப் பழக்கிய பிறகே பொருந்தியது. இன்றும் முழுதாகப் பொருந்திவிடவில்லை. ‘வட்டிக்குக் கொடுப்போர் பண்பாடு’ என்று ஆய்வாளர் நடுநிலையாக எழுதினாலும் பொது வாசகர் காதில் அது புகழாகவோ கேலியாகவோதான் விழும். ‘பண்பாடில்லாதவன்’ என்பது வசவாக இருக்கும் வரை இது தீராது.

இனி ‘கலாச்சாரம்’. கலா + ஆசாரம் என்று பிரியும். உறுப்புகள் வடமொழியாக இருந்தாலும் இந்திக்காரரும் வங்காளிகளும் இந்தப் பொருளுக்கு இதை வைத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கு ‘சம்ஸ்கிருதி’. வங்காளத்தில் உழவோடு தொடர்புள்ள ‘கிருஷ்டி’ என்ற சொல்லும் போட்டியில் இருந்தது. தாகூருக்கு அது பிடிக்கவில்லை, சம்ஸ்கிருதியையே ஆதரித்தார். வங்கத்தில் தோற்ற உழவு உருவகம் தமிழில் வென்றிருக்கிறது. மலையாளத்தில் ‘சம்ஸ்காரம்’. தமிழில் அதைக் கொண்டுவர முடியாது. இங்கே சில வீடுகளில் சம்ஸ்காரம் என்றால் இறுதிச் சடங்கு. மலையாளத்திலும் அந்தப் பொருள் உண்டு என்றாலும் அவர்கள் இரண்டையும் சமாளித்துக்கொள்கிறார்கள்.

எழுத்தில் கலாச்சாரமா, கலாசாரமா? தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே தனியாக வரும் சகரம் ‘காசு’வில் போல மெலிந்து ஒலிக்கும், ‘அச்சு’வில் போல வல்லோசை வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். வடமொழி ஒலியைக் காப்பாற்ற நினைத்தவர்கள் கலாச்சாரம் என்று எழுதினார்கள். ‘ஆசாரக்கோவை’ என்ற பழைய நூற்பெயரில் ஆசாரம் ஒற்றைச் சகரத்தோடுதான் இருக்கிறது. அந்த வழியில் கலாசாரம். தமிழகப் பத்திரிகைகளில் முதல் வடிவம் மிகுதி, இலங்கையில் இரண்டாவது மிகுதி. யாழ்ப்பாணத்தில் இந்திய உதவியோடு கட்டிய மண்டபத்துக்கு 2025இல் திருவள்ளுவர் பெயரைச் சூட்டியபோதும் ‘கலாசார மையம்’ என்ற பின்னொட்டு அப்படியே நின்றது. இரண்டு எழுத்துமுறையும் பிழையல்ல. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பதுதான் பிழை.

தமிழக அரசுப் பலகைகளில் ‘கலை பண்பாட்டுத் துறை’, ஒன்றிய அரசின் அறிக்கைகளில் ‘கலாச்சார அமைச்சகம்’. நிறுவனப் பெயரைத் திருத்தக் கூடாது. அவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எடுத்தாள வேண்டும்.

மூன்றாவதாக நிற்பது நாகரிகம். இதன் கதை தலைகீழ். இன்று நாகரிகம் என்றால் புறத்தோற்றம், உடை, வசதி. சொல்லாராய்ச்சி அறிஞர் பாவாணரும் திருந்திய வாழ்க்கை நாகரிகம், திருந்திய ஒழுக்கம் பண்பாடு என்றே பிரித்தார். வள்ளுவரிடம் நாகரிகம் முழுக்க அகம் சார்ந்தது:

‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க
நாகரிகம் வேண்டு பவர்’ (குறள் 580)

கண்ணெதிரே நஞ்சை ஊற்றித் தந்தாலும், தருபவர் நெருங்கியவர் என்பதால் முகம் முறியாமல் உண்டு அமைவாராம். நற்றிணை 355இலும் இதே கருத்து வருகிறது. குறளின் உரையாசிரியர் பரிமேலழகர் இங்கே நாகரிகத்துக்குக் கண்ணோட்டம், அதாவது தாட்சண்யம், என்றே பொருள் கொண்டார்.

இந்தப் பழம்பொருள் அரசியலில் மட்டும் சாகாமல் இருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவரின் இறுதி ஊர்வலத்துக்குப் போய் மாலை வைப்பதை ‘அரசியல் நாகரிகம்’ என்கிறோம். அது வள்ளுவர் சொன்ன கண்ணோட்டமேதான். ‘அரசியல் பண்பாடு’ என்பது வேறு: ஆட்சி, கட்சி, வாக்கு பற்றி ஒரு சமூகம் கொண்டிருக்கும் நம்பிக்கைகளின் தொகுதியைக் குறிக்கும் அரசறிவியல் கலைச்சொல் அது. ‘அரசியல் கலாச்சாரம்’ என்று தலையங்கத்தில் வந்தால் பெரும்பாலும் கட்-அவுட், காலில் விழுதல், கட்சித் தாவல் பற்றிய புகார். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் வாக்கியத்தின் பொருளே மாறும். மூன்றாவதில் கலாச்சாரத்தைப் பிடிவாதமாகத் தமிழாக்க வேண்டுமா? ‘வழக்கம்’, ‘போக்கு’ என்ற எளிய சொற்கள் இருக்கின்றன. ‘பேனர் வைக்கும் வழக்கம்’ என்றால் யாருக்குப் புரியாது?

தொல்லியலிலும் இந்த வேறுபாடு சூடானது. அங்கே பண்பாடு என்பது ஒரே வகைப் பானை, கருவி, ஈமச்சின்னம் திரும்பத் திரும்பச் சேர்ந்து கிடைக்கும் தொகுதி. அதனால்தான் ‘பெருங்கற்காலப் பண்பாடு’. நாகரிகம் என்று சொல்ல நகரம், எழுத்து, கைத்தொழில், நெடுந்தொலை வணிகம் போன்ற தடயங்கள் வேண்டும். தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி நூலின் தலைப்பில் ‘சங்ககால நகர நாகரிகம்’ என்ற தொடர் இருந்தது. அந்தச் சொல்தேர்வே ஒரு வாதம். (நாகரிகத்துக்குள் நகர் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லாராய்ச்சிக்காரர் முணுமுணுக்கலாம், வழக்கில் தொடர் நிலைத்துவிட்டது.)

கூட்டுச்சொற்களில் பண்பாடு நன்றாகவே உழைக்கிறது: துணைப்பண்பாடு, எதிர்ப்பண்பாடு, வெகுசனப் பண்பாடு, பண்பாட்டு அதிர்ச்சி. இடறும் இடம் இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷி. ஆளும் வர்க்கம் மக்களின் சிந்தனையையும் தன்வயப்படுத்தி ஆள்கிறது என்ற அவர் கருத்தைப் ‘பண்பாட்டு மேலாண்மை’ என்று பெயர்த்தவர்கள் உண்டு. நிர்வாகத்துக்கு மேலாண்மை நிலைத்துவிட்ட பிறகு அது விழா ஏற்பாட்டாளர் வேலையைப் போல ஒலிக்கிறது. ‘பண்பாட்டு மேலாதிக்கம்’ என்பதே இப்போது பாதுகாப்பு. 1966இல் சீனத்தில் தொடங்கியதற்கு இடதுசாரி எழுத்தில் ‘கலாச்சாரப் புரட்சி’ என்ற பெயர் ஊறிவிட்டது. பண்பாட்டுப் புரட்சி என்று மாற்றலாம். ஆனால் பழைய வெளியீடுகளில் தேடும்போது இரண்டு சொல்லாலும் தேட வேண்டும். ‘கலாச்சாரக் காவலர்’ என்பதை மட்டும் தொடாதீர்கள். அதில் இருக்கும் குத்தல் ‘பண்பாட்டுக் காவலர்’ என்றதும் பட்டம்போல ஆகிவிடும்.

ஆங்கில மூலத்தில் கல்ச்சர் என்று கண்டவுடன் பண்பாடு என்று போட்டுவிடவும் கூடாது. ஆய்வகத்தில் அது வளர்ப்பு: திசு வளர்ப்பு, நுண்ணுயிர் வளர்ப்பு. கல்லூரி ‘கல்ச்சுரல்ஸ்’ கலைநிகழ்ச்சி. தயிருக்கு இடுவது உறை.

எழுதும்போது நிகழும் தவறுகள் இரண்டு. ‘பன்பாடு’ என்று இரண்டு சுழி னகரம் போடுவது முதலாவது. அடுத்தது புணர்ச்சி: பண்பாடு அடையாக வரும்போது டகரம் இரட்டித்துப் ‘பண்பாட்டு’ ஆகும், பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். பண்பாட்டுக் கூறு, பண்பாட்டுச் சூழல், பண்பாட்டுப் பரிமாற்றம். உயிரோ மெல்லினமோ வந்தால் ஒற்று இல்லை, பண்பாட்டு ஆய்வு, பண்பாட்டு மரபு. ‘பண்பாடு ரீதியாக’ என்பதில் டகரமும் இரட்டிக்கவில்லை, ‘ரீதி’ என்ற வடசொல்லும் தேவையில்லை. ‘பண்பாட்டளவில்’ என்றால் போதும்.