நான்கு நொடி பிரேக்கும் 100 கிலோவாட் மோட்டாரும்

ஆடி கார் கம்பெனியின் ராலி பந்தயப் பிரிவை ஒரு காலத்தில் நடத்தியவர் ரோலண்ட் கும்பர்ட். பிற்பாடு ஜெர்மனியின் ஆல்டன்பர்க் ஊரில் சொந்தமாக ஒரு சின்னக் கம்பெனி தொடங்கி, அப்பல்லோ என்ற காரைக் கட்டினார். 2008 மே மாதம் ஜெர்மனியின் நூர்பர்கிரிங் பந்தயத் தடத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அதன் ஹைபிரிட் வடிவம் இறங்கியது. 3.3 லிட்டர் வி8 டர்போ எஞ்சின், கூடவே 100 கிலோவாட் மின்மோட்டார். ஓட்டியவர்களில் முன்னாள் ஃபார்முலா 1 வீரர் ஹைன்ஸ்-ஹரால்ட் ஃப்ரென்ட்சனும் உண்டு. முந்தைய வருஷமே டொயோட்டாவின் ஹைபிரிட் சுப்ரா, ஜப்பானின் டொகாச்சியில் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்திருந்தது. ஆனால் டொயோட்டா எங்கே, ஆல்டன்பர்க் எங்கே!

பந்தயக் காரில் பிரேக்கை மிதித்தால் அதன் இயக்க ஆற்றல் முழுக்க வெப்பமாகிவிடும். இரவில் பார்த்தால் சக்கரத்துக்குள் பிரேக் டிஸ்க் செக்கச்செவேலென்று ஒளிரும். ஹைபிரிட்டில் அதே நேரம் சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் தருகிறது. அந்த இழுவையே வண்டியையும் மெதுவாக்குகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,300 கிலோ கார் ஒன்று மணிக்கு 250 கி.மீ. வேகத்திலிருந்து 100-க்கு இறங்கினால் ஏறத்தாழ 26 லட்சம் ஜூல் ஆற்றலை இழக்கிறது. அதற்கு ஆகும் நேரம் சுமார் 4 நொடி. 100 கிலோவாட் மோட்டாரால் நொடிக்கு ஒரு லட்சம் ஜூல்தான் பிடிக்க முடியும். ஆக, 4 லட்சம். ஆறில் ஒரு பங்கு கூடத் தேறாது! மீதி டிஸ்க்கில்தான் போகும்.

பெரிய மோட்டார் வைக்கலாமே என்றால், எடை கூடும். 24 மணி நேரமும் அதைச் சுமந்தே ஓட வேண்டும். தவிர, சாதாரண பேட்டரிக்குள் ஆற்றலை அவ்வளவு அவசரமாகத் திணிக்கவும் முடியாது. அதற்குள் இருக்கும் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) நகர நேரம் வேண்டும், அவசரப்படுத்தினால் சூடேறும். என்றாலும் நீண்ட பந்தயத்தில் இந்த ஆறில் ஒன்றுக்குக்கூட மதிப்புண்டு: பெட்ரோல் மிச்சம், பிரேக் பேடும் கூடுதல் நேரம் உழைக்கும். அதோடு, நூர்பர்கிரிங்கின் எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகளில் பலவற்றுக்கு லேசாகப் பிரேக் தொட்டாலே போதும். அங்கெல்லாம் மோட்டாரின் பங்கு கணிசமாக உயரும்.

அடுத்த வருஷம், 2009-ல், ஃபார்முலா 1-ல் இதே உத்தி வந்தபோது அனுமதித்த அளவு 60 கிலோவாட். ஒரு சுற்றுக்கு 4 லட்சம் ஜூல். அப்பல்லோ ஒரே ஒரு பிரேக்கில் பிடிக்கக்கூடிய அளவுதான் அது. 2012-ல் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஆடி, அந்த ஹைபிரிட் காரில் பேட்டரியே வைக்கவில்லை. பிரேக்கில் கிடைத்த ஆற்றலை காருக்குள் தனியாக வேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தில் (ஃப்ளைவீல்) சேமித்தார்கள். அதற்கு அயனி நகரும் வரை காத்திருக்கும் வேலை இல்லை.